இருக்கிற டெவலப்மென்ட் கருவிகளோடு இன்னொரு பிளாட்பார்ம் சேர்க்கலாமா? முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் பதினோரு பேர் உட்கார்ந்து கன்டெய்னர் லாரி உரிமையாளர்களுக்கான மென்பொருள் எழுதுகிறோம். டிரிப் ஷீட், டிரைவர் பேட்டா, டீசல் கணக்கு, துறைமுக கேட்டில் வண்டி நின்ற நேரம், இவைதான் எங்கள் அன்றாடம். புரோகிராம் கோடையும் அதன் மாற்றங்களையும் சேமிக்க கிட், கோடிலிருந்து ஓடக்கூடிய ஆப்பை உருவாக்கும் பில்டுக்கு ஜென்கின்ஸ், புகார்களையும் வேலைகளையும் பதியும் டிக்கெட்டுக்கு ஜிரா, மற்ற எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப் என்று ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் ஒரு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். திட்டமிடல் முதல் ரிலீஸ் வரை எல்லாம் ஒரே திரையில் தெரியும் பிளாட்பார்ம் ஒன்றை ஒரு மணி நேரம் போட்டுக் காட்டினார்கள். நன்றாகவே இருந்தது, எல்லோரும் தலையாட்டினோம். அவர்கள் கிளம்பிய பிறகு எங்கள் டெஸ்டர் கேட்டார்: "அண்ணா, இது வந்தா நாம எதை நிறுத்தப் போறோம்?"

யாரிடமும் பதில் இல்லை. அதற்குப் பதில் தேடியதில் ஆறு வாரம் போனது. அந்த ஆறு வாரத்தில் செய்ததை, செய்திருக்க வேண்டியதையும் சேர்த்து, வரிசையாக எழுதுகிறேன். ஐந்து பேர் குழுவாக இருந்தாலும் ஐம்பது பேர் குழுவாக இருந்தாலும் இதே வழியில் போகலாம்.

முதல் படி: பொருளின் பெயர் வராமல் குறையை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே வாக்கியம். அதில் எந்த பிளாட்பார்மின் பெயரும் வரக்கூடாது. "நமக்கு கிட்லேப் வேண்டும்" என்பது குறை ஆகாது. "டெஸ்ட் செய்ய வேண்டிய பில்ட் எது என்று டெஸ்டருக்குத் தெரிவதில்லை" என்பது குறை. குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல்.

எங்களிடம் பதினோரு தாளில் ஏழு வெவ்வேறு குறைகள் வந்தன. டெமோவில் பார்த்த பிளாட்பார்ம் அந்த ஏழில் எதைத் தீர்க்கும் என்று அன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கேதான் விலைப் பேச்சை நிறுத்தி வைத்தோம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு வேலையின் பின்னாலேயே நடந்து போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். சமீபத்தில் முடிந்த ஒரு டிக்கெட்டை எடுங்கள். ரொம்பப் பெரியதும் வேண்டாம், ரொம்பச் சின்னதும் வேண்டாம். அது வாடிக்கையாளர் வாயிலிருந்து புறப்பட்டு அவர் கைக்கே திரும்பி வரும் வரை எங்கெங்கே போனது, எங்கே எவ்வளவு நேரம் கிடந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்தால் போதும்: யாரிடம், எந்தக் கருவியில், கையால் நகல் எடுத்தார்களா, எத்தனை மணி நேரம் காத்திருந்தது.

எங்கள் டிக்கெட் இப்படித் தொடங்கியது. திங்கள்கிழமை காலை 9.40-க்கு மணலியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர் குரல் செய்தி அனுப்பினார்: "தம்பி, ராத்திரி ஹால்ட் பேட்டா ரெண்டு வாட்டி ஏறுதுப்பா. டிரைவர் ஒண்ணும் சொல்ல மாட்டான். நான்தான் கணக்கு டேலி ஆவாம உக்காந்துனு இருக்கேன்."

சப்போர்ட் தம்பி அதைக் கேட்டு எக்செலில் ஒரு வரி போட்டார். சாயங்காலம் அந்த வரியைப் பார்த்து ஜிராவில் டிக்கெட் திறந்தார். மறுநாள் டெவலப்பர் கேட்டார், எந்த வண்டி, எந்தத் தேதி? சப்போர்ட் திரும்ப போன் போட்டார். வண்டி நம்பர் இருந்த ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பிலேயே கிடந்தது, டிக்கெட்டில் ஏறவில்லை. பிழை தெரிந்த பிறகு சரிசெய்ய 40 நிமிடம்தான் ஆனது. நள்ளிரவைத் தாண்டும் ஹால்ட்டை இரண்டு நாளாக எண்ணிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்புறம் இன்னொருவர் கோடைச் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கு ஒன்றரை நாள் கிடந்தது. ஜென்கின்ஸ் 12 நிமிடத்தில் பில்ட் போட்டது. அதில் வந்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு) ஒருவர் இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லா பில்டுக்கும் கோப்பின் பெயர் ஒன்றே என்பதால் டெஸ்டர் முந்தைய நாள் கோப்பை ஏற்றி, "இன்னும் சரியாகலை" என்று டிக்கெட்டைத் திருப்பி அனுப்பினார். அதில் இன்னும் ஒரு நாள்.

மொத்தம் ஆறு நாள். உண்மையில் கை வைத்து வேலை செய்த நேரம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. வேலை ஒன்பது முறை கைமாறியது. அதில் நான்கு இடத்தில் ஒரு மனிதர் ஒரு திரையிலிருந்து பார்த்து இன்னொரு திரையில் திரும்ப அடித்திருக்கிறார், அல்லது கோப்பை இறக்கி ஏற்றியிருக்கிறார்.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: ரயிலில் இருக்கும் நேரம் அல்ல கணக்கு, இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் நேரம்தான் கணக்கு. டெவலப்மென்ட் கருவிகளிலும் அப்படித்தான். ஒவ்வொரு கருவியும் தன்னளவில் வேகமாக ஓடும், நாள் போவது ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் இடத்தில். புது பிளாட்பார்மை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான்: எத்தனை கைமாற்றத்தை அது மூடுகிறது, எத்தனையைப் புதிதாகத் திறக்கிறது?

டெமோவில் பார்த்ததை அந்த நோட்டுக்கு எதிரே வைத்துப் பார்த்தோம். நான்கில் ஒன்றை மூடியது. ஜிராவில் இருக்கும் பழைய டிக்கெட்டுகளோடு ஒத்துப்போக தினமும் ஒருவர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதால் இரண்டைப் புதிதாகத் திறந்தது.

மூன்றாம் படி: இருப்பதில் முடியுமா என்று முதலில் பாருங்கள்

நம் கையில் இருக்கும் கருவிகளில் பாதியைக்கூட நாம் பயன்படுத்துவதில்லை. ஜென்கின்ஸ், 2011-ல் ஹட்சன் என்ற பழைய பில்ட் கருவியிலிருந்து பிரிந்து வந்த திட்டம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ப்ளகின்களோடு (கூடுதல் வசதிக்கான இணைப்புகள்) இன்றும் ஓடுகிறது. தோற்றம் பழசாக இருப்பதால் அதற்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிடுகிறோம்.

கையால் நகல் எடுக்கும் நான்கு இடங்களுக்கும் ஒரு வாரம் ஒதுக்கினோம். பிரான்ச் (ஒரு மாற்றத்தைத் தனியாக எழுதும் கோட் கிளை) பெயரில் டிக்கெட் எண்ணைப் போடுவது கட்டாயம் என்று வைத்து, கிட்டையும் ஜிராவையும் இணைத்தோம். எந்த மாற்றம் எந்த டிக்கெட்டுக்கு என்று தானாகத் தெரிய ஆரம்பித்தது. ஏபிகே கோப்பின் பெயரில் டிக்கெட் எண்ணும் பில்ட் எண்ணும் வரும்படி ஜென்கின்ஸ் ஸ்கிரிப்டில் மூன்று வரி சேர்த்தோம். சப்போர்ட்டின் எக்செலுக்குப் பதில் ஒரு படிவம் வைத்தோம், நிரப்பினால் நேராக ஜிராவில் டிக்கெட் திறக்கும். வண்டி நம்பரும் தேதியும் இல்லாமல் அது சமர்ப்பிக்காது.

ரிவ்யூவுக்கு ஒன்றரை நாள் கிடந்ததற்கு எந்தக் கருவியும் காரணமில்லை. யார் பார்க்க வேண்டும் என்று பேசி வைக்காததுதான் காரணம். அதைப் பேசித் தீர்த்தோம்.

இதற்குப் பிறகு ஏழு குறைகளில் ஐந்து போய்விட்டன. மீதி இரண்டில் ஒன்று நிஜமான ஓட்டை: டிரைவரின் போனில் ஆப் நின்றுபோனால் எங்களுக்குத் தெரிய வழியே இல்லை, அவர் சொன்னால்தான் உண்டு. எங்களிடம் இருந்த எந்தக் கருவியும் அந்த வேலைக்கு வந்ததில்லை. எங்களுக்குத் தேவைப்பட்ட பிளாட்பார்ம், ஆப் இப்படித் திடீரென நின்றுபோகும் கிராஷ் விவரங்களைச் சேகரிக்கும் ஒன்று. டெமோவில் வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்களுக்கும் இந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். மிஞ்சினால் மேலே போங்கள்.

நான்காம் படி: செலவை ஆள் நேரத்தோடு சேர்த்துப் போடுங்கள்

லைசன்ஸ் விலை எல்லோரும் பார்ப்பதுதான். ஒரு ஆளுக்கு மாதம் இத்தனை டாலர் என்பதை ரூபாயாக்கி, ஆள் எண்ணிக்கையால் பெருக்கி, பன்னிரண்டால் பெருக்குவோம். அதோடு கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து சேவை வாங்கினால், ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீத வரியைத் தானே கட்ட வேண்டும். பிறகு இன்புட் கிரெடிட்டாக (நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க இடமிருக்கிறது, ஆனால் பணம் முதலில் கையை விட்டுப் போகும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அடுத்தது கார்டு. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைக்கு முன்கூட்டியே பதிவு வேண்டும், 15,000 ரூபாய்க்கு (2022-ல் உயர்த்தும் வரை 5,000) மேல் போனால் ஒவ்வொரு முறையும் கூடுதல் உறுதிப்படுத்தல் வேண்டும். சந்தா புதுப்பிக்கும் நாளில் கார்டு ஏற்காமல் போய் பில்ட் நின்றால் அந்த அரை நாளும் செலவில்தான் சேரும். ஆண்டுச் சந்தாவாகவோ இன்வாய்ஸ் முறையிலோ வாங்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

இலவசம் என்றால் யாருக்கு இலவசம் என்று படியுங்கள். மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாகக் கட்டி ஓட்ட உதவும் டாக்கர் டெஸ்க்டாப் 2021-ல் விதியை மாற்றியது: 250 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனமோ, ஆண்டு வருமானம் ஒரு கோடி டாலரைத் தாண்டும் நிறுவனமோ பணம் கட்ட வேண்டும். எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அது பாதிப்பில்லை. ஆனால் பெரிய வாடிக்கையாளரின் அலுவலகத்தில் உட்கார்ந்து அவர்களுடைய கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு அது வேறு கணக்கு.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள். அப்டேட் போடுவது, புது ஆளுக்கு அனுமதி தருவது, போனவருடைய கணக்கை மூடுவது, உடைந்தால் முதலில் எழுந்து போவது. இதைச் செய்யப்போகிறவரின் பெயரை எழுதுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று எழுத வந்தால் சேர்க்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்தே கிடையாது.

ஐந்தாம் படி: உள்ளே போகும் முன் வெளியே வரும் வழி

நாங்கள் இதைப் பணம் கொடுத்துக் கற்றோம். சில வருடங்களுக்கு முன் எதையெல்லாம் சோதித்தோம் என்று பதிந்து வைக்கும் ஒரு டெஸ்ட் மேனேஜ்மென்ட் சேவையை எடுத்தோம். இரண்டாம் ஆண்டு விலை இரு மடங்கானது. வெளியே வரலாம் என்று, நம் தரவை இறக்கித்தரும் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் தலைப்புகளும் தேதிகளும் வந்தன, இணைத்து வைத்த படங்கள் ஒன்றுகூட வரவில்லை. இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக இறக்கினார்கள். அந்த வாரம் அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

இது யாருக்கும் நடக்கக்கூடியது. கோட் சேமிக்க இடம் தந்த கூகுள் கோட் 2016-ல் மூடப்பட்டது. அதே வேலை செய்யும் பிட்பக்கெட், கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்குரியலுக்கான ஆதரவை 2020-ல் எடுத்துவிட்டது. சொந்த சர்வரில் போடும் ஜிரா சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரியோடு ஆதரவு முடிந்தது. ஆப்களை இணையத்தில் ஓட்டித்தரும் ஹெரோக்குவின் இலவசத் திட்டங்கள் 2022 நவம்பரில் நின்றன. சர்வர்களை அமைக்கப் பயன்படும் டெராஃபார்ம் 2023-ல் லைசன்ஸை மாற்றியதால் ஓபன்டோஃபு என்று ஒரு கிளை பிரிந்தது. ஏபிகே விநியோகிக்கப் பலர் நம்பியிருந்த விஷுவல் ஸ்டுடியோ ஆப் சென்டரின் பெரும்பாலான சேவைகள் 2025 மார்ச் 31-ல் முடிந்தன. எல்லாமே பெரிய கைகள் நடத்தியவை, அதனால் நிறுவனம் பெரியது என்பதை மட்டும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே சோதனைக் கணக்கு திறந்த முதல் நாளே பத்து பொய் டிக்கெட்டுகளைப் படங்கள், கருத்துகள், பழைய தேதிகளோடு ஏற்றுங்கள். உடனே எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். திரும்பி வந்ததை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எது வரவில்லையோ அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

ஆறாம் படி: எந்தச் சாவியைக் கேட்கிறது?

நம் கோட் படிக்கும் அனுமதியா, எழுதும் அனுமதியா, சர்வரில் ஏற்ற உதவும் டோக்கனா (கடவுச்சொல் போன்ற சாவி)? ஒவ்வொன்றையும் பட்டியலிடுங்கள். 2023 ஜனவரி 4 அன்று, இணையத்தில் பில்ட் போட்டுத்தரும் சேவையான சர்க்கிள்சிஐ தன் வாடிக்கையாளர்கள் எல்லோரையும், தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் ரகசியச் சாவிகள் அத்தனையையும் மாற்றச் சொன்னது. அங்கே வேலை செய்த ஒருவரின் மடிக்கணினியில் புகுந்த தீம்பொருள்தான் தொடக்கம். அன்றைக்கு எந்தெந்தச் சாவியைக் கொடுத்து வைத்தோம் என்ற பட்டியல் இருந்தவர்கள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பட்டியல் இல்லாதவர்களுக்குத் தேடுவதே தனி வேலை.

வாடிக்கையாளரின் தனிப்பட்ட தரவு அதற்குள் போகுமா என்பதையும் இங்கேயே பாருங்கள். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்ன நிறுவனம் என்று நம்மை விட்டுவிடாது. எங்கள் விஷயத்தில் டிரைவரின் போன் நம்பரையும் பெயரையும் கிராஷ் விவரத்தோடு அனுப்புவதில்லை என்று முடிவு செய்து, வண்டிக்கு ஒரு உள் எண் மட்டும் அனுப்புகிறோம்.

ஏழாம் படி: அது நின்றால் நாம் நிற்போமா?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை வடசென்னையில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. தெருவில் தண்ணீர், வீட்டில் கரண்ட் இல்லை, நெட் இல்லை. அந்த நாட்களில் எங்களில் சிலர் போன் பேட்டரியைச் சேமித்துச் சேமித்துத்தான் வாடிக்கையாளருக்கு ஒரு வரி பதில் போட்டார்கள். கிட் 2005-ல் பிறந்தபோதே ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது, அதனால் நெட் இல்லாமலும் கமிட் போடலாம், அதாவது மாற்றத்தைப் பதியலாம். எல்லாமே உலாவியில் மட்டும் என்றிருக்கும் பிளாட்பார்மில் அந்த வசதி கிடையாது.

சேவையின் பக்கமும் விழும். 2017 ஜனவரி 31 அன்று, கோடையும் டிக்கெட்டுகளையும் சேமித்துத் தரும் கிட்லேப்பில் தவறான சர்வரில் தரவுத்தளம் அழிக்கப்பட்டது. வைத்திருந்த காப்பு முறைகள் பல கைகொடுக்காமல், சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. கோட் தப்பியது, அந்த நேரத்தில் எழுதிய டிக்கெட்டுகளும் கருத்துகளும் போயின. அவர்கள் நடந்ததை மறைக்காமல் உலகத்துக்கே சொன்னார்கள், அதை மதிக்கிறேன். நாம் கேட்க வேண்டிய கேள்வி நேரானது: இது ஒரு நாள் முழுக்க நின்றால், அன்றைக்கு அவசரத் திருத்தம் ஒன்றை நம்மால் வெளியிட முடியுமா? முடியாது என்றால் மாற்று வழியை இப்போதே எழுதி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எட்டாம் படி: சோதனை ஓட்டம், சரியான காலத்தில்

காசிமேட்டில் விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் எஞ்சினை இறக்குவார்கள், பலகை மாற்றுவார்கள், வலையைச் சரிசெய்வார்கள். கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் எஞ்சினில் கை வைப்பதில்லை. உங்கள் வாடிக்கையாளருக்கும் ஒரு மந்தமான காலம் இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். லாரிக்காரர்களுக்கு மாதக் கடைசியில் பில்லிங் நெருக்கும், ஆகவே நாங்கள் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் தொடங்கினோம்.

மூன்று பேர், நிஜமான வேலை, நான்கு வாரம். பொம்மைத் திட்டம் வேண்டாம், அதில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் ஓடும். மூன்று பேரில் ஒருவர் இந்த யோசனையைப் பிடிக்காதவராக இருக்கட்டும். தொடங்கும் முன்பே, எது நடந்தால் நிறுத்துவோம் என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் எழுதியது: "வாடிக்கையாளர் சொல்வதற்கு முன் நமக்குத் தெரிந்த கிராஷ்கள், தெரியாதவற்றைவிட அதிகமாக இல்லையென்றால் நிறுத்துகிறோம். ஆப் திறக்கும் நேரம் டிரைவருக்குத் தெரியும் அளவுக்குக் கூடினாலும் நிறுத்துகிறோம்." நான்கு வாரம் உழைத்துவிட்டோமே என்ற எண்ணம் பிறகு கண்ணை மறைக்கும். அதற்கு முன்பே எழுதி வைத்தால்தான் உண்டு.

நாங்கள் ஓட்டிப் பார்த்தது, கிராஷ் விவரங்களைச் சேகரிக்கும் ஃபயர்பேஸ் கிராஷ்லிட்டிக்ஸ். அதுவும் கைமாறி வந்ததுதான். 2017-ல் ட்விட்டரிடமிருந்து கூகுளுக்கு வந்து, அதன் பழைய வீடான ஃபேப்ரிக் 2020-ல் மூடப்பட்டது. அது தெரிந்தே எடுத்தோம். அதில் சேர்வது நாலைந்து வாரத்தில் பழசாகிவிடும் தகவல், நாளை போனாலும் எங்கள் வரலாறு எதுவும் அதோடு போகாது.

ஒன்பதாம் படி: ஒரு பக்கத்தில் முடிவு, பழையதுக்கு ஒரு தேதி

முடிவு சேர்ப்பதானாலும் வேண்டாம் என்பதானாலும் ஒரு பக்கத்தில் எழுதி, புரோகிராம் கோட் இருக்கும் அதே ரெபாசிட்டரியில் (கோட் கிடங்கு) வையுங்கள். என்ன குறை, எதையெல்லாம் பார்த்தோம், ஏன் இந்த முடிவு, யார் பொறுப்பு, எப்போது திரும்பப் பார்ப்போம். வேண்டாம் என்று முடிவு செய்தவற்றுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு வருடம் கழித்து புதிதாக வந்தவர் அதே டெமோவைக் கொண்டுவருவார், அவரை மடக்காமல் அந்தப் பக்கத்தைக் காட்டலாம். காரணம் மாறியிருந்தால் முடிவும் மாறட்டும்.

சேர்ப்பதானால், எது நிற்கும் என்பதற்கு ஒரு தேதி குறியுங்கள். எங்களுக்கு அது சப்போர்ட்டின் எக்செல். படிவம் ஓடத் தொடங்கி இரண்டு வாரம் இரண்டும் சேர்ந்தே இருந்தன, அந்த இரண்டு வாரமும் குழப்பம்தான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திறந்திருந்த 23 வரிகளையும் சப்போர்ட் தம்பி ஜிராவுக்கு மாற்றினார். கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டி, அவர் கணினியின் முகப்பிலிருந்து அதன் ஐகானை எடுத்தோம். திங்கள் காலை பழக்கத்தில் அந்த மூலையில் போய்க் கிளிக் செய்தார், அங்கே ஒன்றுமில்லை. அப்புறம் படிவத்துக்குப் பழகிவிட்டார்.

மணலி லாரி உரிமையாளருக்கும் படிவத்தின் இணைப்பை அனுப்பினோம். அவர் ஒரு யார்டிலிருந்து இன்னொரு யார்டுக்குப் போய்க்கொண்டே பேசுகிறவர், உட்கார்ந்து நிரப்ப மாட்டார். இன்றும் குரல் செய்திதான் அனுப்புகிறார். அந்த ஒரு கைமாற்றத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். முடிவுப் பக்கத்தின் கடைசி வரியில் அதையும் எழுதியிருக்கிறோம்: "குரல் செய்திகளைக் கேட்டு டிக்கெட் போடுவது சப்போர்ட்டின் வேலை, தினமும் காலை பத்தரைக்குள்."